எக்ஸ்ரே அறைக் கதவு

வணக்கம் அக்கா,

தனியார் மருத்துவமனை ஒன்றில் கேஷுவாலிட்டி நர்ஸ் நான். போன வாரம் இரவு ஒரு பெண்ணைக் கணவரே கூட்டிவந்தார். பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டாளாம். காயமோ இரண்டு முன்கைகளின் வெளிப்பக்கம். மஞ்சளித்த பழைய கன்றலும் இருந்தது. “யாராவது அடிச்சாங்களாம்மா?” என்றேன். இல்லையென்று தலையாட்டினாள். கணவர் என்னை முறைத்தார். “தையலைப் போட்டு அனுப்பு, குடும்ப விஷயம் நமக்கெதுக்கு” என்றார் சீனியர் சிஸ்டர். கேட்டது தப்பா? வருகிற எல்லாப் பெண்களிடமும் கேட்கவேண்டுமா?

எம்.

அன்புள்ள எம்.,

கேட்டது தப்பில்லை, கேட்ட இடம்தான் தப்பு. கணவர் பக்கத்தில் நிற்கும்போது அவள் வேறென்ன சொல்வாள்? நீங்கள் கேட்டதற்கு வீட்டுக்குப் போய் அவள்தான் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பாள். கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் ஒருமுறை ஒரு பெண்ணிடம் அவள் மாமியார் முன்னால் கேட்டவள்தான்.

“வெளியே போங்க” என்றால் அந்த மாதிரி ஆள் நகரமாட்டார். பில் கட்ட, மருந்து வாங்க அனுப்பலாம், ஐந்தே நிமிஷத்தில் திரும்பிவிடுவார். எக்ஸ்ரே அறைதான் நல்லது. கதிர்வீச்சு, கூட வந்தவர் உள்ளே வரக்கூடாது என்றால் யாரும் எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை.

உள்ளே போனதும், “வீட்டில் ஏதும் பிரச்சினையா?” என்று சுற்றிவளைக்காதீர்கள். பிரச்சினை இல்லாத வீடு ஏது? “வீட்டுக்காரர் கைநீட்டுவாரா?” என்றே கேளுங்கள். அடுத்து, “கழுத்தைப் பிடிச்சாரா?” இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். கழுத்தை நெரித்தால் வெளியே தடமே தெரியாமல் போகலாம். குரல் கம்மியிருக்கும், எச்சில் விழுங்க வலிக்கும். கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து சில நாள் கழித்துப் பக்கவாதம் வருவதும் உண்டு. அடிக்கிற கணவன் கொலைவரை போவானா என்று கணிக்க ஜாக்குலின் கேம்பல் என்ற அமெரிக்க நர்ஸ் 1985-ல் தொடங்கிவைத்த கேள்விப்பட்டியலிலும் இது இருக்கிறது.

எல்லாரிடமும் கேட்கவேண்டியதில்லை என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் 2013 வழிகாட்டுதல். காயமும் கதையும் ஒட்டாதபோது, தனிமை கிடைத்தால், அடுத்து அனுப்ப ஓர் இடமும் இருந்தால் கேட்கச் சொல்கிறது. அமெரிக்காவில் எல்லாரிடமும் கேட்கும் மருத்துவமனைகள் உண்டு. திரைச்சீலைகூட முழுசாக மூடாத நம் கேஷுவாலிட்டிக்கு முதல் வழிதான் சரி.

உங்கள் சீனியரிடம் ஒன்று சொல்லுங்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் மணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் 38.1 சதவீதம் பேர் கணவரின் வன்முறையைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். மும்பை பாந்த்ராவில் மாநகராட்சி மருத்துவமனைக்குள்ளேயே அடிபட்ட பெண்களுக்கு உதவும் ‘திலாசா’ என்ற மையம் இருபது வருஷத்துக்கு மேலாக நடக்கிறது. அங்கே இது ஆஸ்பத்திரி வேலைதான்.

அவள் கடைசிவரை இல்லையென்றாலும் உங்கள் நோட்ஸில் ‘வழுக்கி விழுந்தார்’ என்று எழுதாதீர்கள், ‘விழுந்ததாகச் சொல்கிறார்’ என்று எழுதுங்கள். நான் முதல் விதமாக எழுதிய ஒரு வரியைப் பின்னாளில் எதிர்த்தரப்பு வக்கீல் கோர்ட்டில் சத்தமாக வாசித்தார். அடித்தார் என்று அவள் சொன்னால், ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) போட்டால் போலீஸுக்குத் தகவல் போகும் என்பதை எழுதுவதற்கு முன்பே அவளிடம் சொல்லிவிடவேண்டும்.

வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் மாவட்ட ஒருங்கிணைந்த சேவை மையத்தைப் பற்றியும் சொல்லுங்கள். சீட்டில் எழுதிக் கொடுக்கவேண்டாம், அவள் பையை அவர் துழாவுவார். பெண்கள் உதவி எண் 181. மூன்று எண்தானே, வாயால் சொன்னால் போதும்.