சேகோ ஆலை அரவை டிரம்மின் பேரிங் ஏன் இரண்டு மாதம்கூடத் தாங்குவதில்லை?

கேள்வி: பெத்தநாயக்கன்பாளையம் அருகே சேகோ (ஜவ்வரிசி) ஆலை நடத்தி வருகிறோம். மரவள்ளிக் கிழங்கு அரைக்கும் டிரம்மின் ஷாஃப்ட் 55 மி.மீ. தடிமன், இரு முனையிலும் அதைத் தாங்கும் பிளம்மர் பிளாக் (பேரிங் கூடு), உள்ளே 22212 கே ரோலர் பேரிங். நிமிடத்துக்கு ஏறக்குறைய 1000 சுற்று ஓடுகிறது. சீசனில் இரண்டு மாதத்துக்கு ஒரு பேரிங் போய்விடுகிறது. காலையிலும் மாலையிலும் கிரீஸ் கன்னால் இருபது அழுத்து அடிக்கிறோம். ஆனாலும் பிளாக்கில் கை வைக்க முடியாத சூடு. ஃபிட்டர் சொன்னபடி பழுப்பு நிறக் கிரீஸை விட்டு நீல நிறக் கிரீஸுக்கு மாறினோம். அது நீர்த்து வழிகிறது. வேலை முடிந்ததும் இயந்திரம் முழுவதையும் போர்வெல் தண்ணீரால் பீய்ச்சிக் கழுவிவிடுவோம். எந்தக் கிரீஸ், எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை போட வேண்டும்? ஆயிலுக்கு மாறிவிடலாமா? கடையில் தருவது போலி பேரிங்காக இருக்குமா?

பதில்: உங்கள் கடிதத்தில் கிரீஸைப் பற்றிக் கேட்டவற்றைவிட, இயந்திரத்தைக் கழுவுவது பற்றி நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. உங்கள் பேரிங்குக்குக் கிரீஸ் குறைவாகப் போகவில்லை, அளவுக்கு மிஞ்சியே போகிறது. அதைக் கெடுப்பது மாவுத் தண்ணீர். அது உள்ளே நுழைய வழி விடுவது அந்தக் கழுவும் முறை.

இதை நீங்களே உறுதி செய்துகொள்ளலாம். அடுத்த பேரிங்கைக் கழற்றும்போது பழைய இரும்புக்குப் போட்டுவிடாமல், ரோலர்களுக்கு இடையில் இருக்கும் கிரீஸை வழித்து ஒரு கண்ணாடி டம்ளரில் எடுத்து, மண்ணெண்ணெய் ஊற்றிக் கலக்கி, சில மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் தங்கும் வண்டலை மேலே நிற்கும் எண்ணெய் போக வடித்து, பீங்கான் தட்டில் பரப்பி நன்றாக உலர்த்தி, ஒரு சொட்டு வெதுவெதுப்பான நீர் விட்டு, அதன்மேல் மருந்துக்கடையில் கிடைக்கும் பொவிடோன் அயோடின் ஒரு சொட்டு விடுங்கள். நீலம் கலந்த கறுப்பு நிறம் வந்தால் அது ஸ்டார்ச். உங்கள் கிழங்கு மாவு பேரிங்குக்குள் போயிருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். இந்தச் சோதனையைத் துணியிலோ காகிதத்திலோ செய்ய வேண்டாம்: புதுத் துணியில் போட்ட கஞ்சியும், பல காகிதங்களில் சேர்க்கப்படும் ஸ்டார்ச்சும் தாமே நீலமாக மாறி உங்களை ஏமாற்றிவிடும். மண்ணெண்ணெய் கலக்காத அதே கிரீஸில் மிளகளவு எடுத்துச் சூடான இரும்புத் தகட்டில் வைத்து, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு கவனியுங்கள். படபடவென்று வெடித்தால் உள்ளே தண்ணீர் இருக்கிறது.

மாவுத் துகள் மென்மையானதுதானே, எஃகை என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். மரவள்ளி ஸ்டார்ச் துகள் ஏறக்குறைய 5 முதல் 35 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை இருக்கும்; ஓடும் பேரிங்கில் ரோலருக்கும் அது ஓடும் எஃகு வளையமான ரேஸுக்கும் நடுவே நிற்கும் எண்ணெய்ப் படலமோ பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. மாவு நசுங்கிப் போகும், ஆனால் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். புளித்த மாவுத் தண்ணீர் அமிலத்தன்மை கொண்டது என்பதால் நின்ற இடத்தில் எஃகை அரிக்கும். அதோடு, சரியாகக் கழுவப்படாத கிழங்கின் தோலோடு வரும் செம்மண்ணில் மணலும் உண்டு. மணலின் குவார்ட்ஸ், பதப்படுத்திய பேரிங் எஃகைவிடக் கடினமானது. ரேஸில் ஊசியால் குத்தியதுபோன்ற குழிகள் தெரிந்தால் அது மணலின் வேலை. ரோலர்கள் நின்ற இடைவெளிக்கு ஏற்பக் கறுப்புக் கோடுகள் வரிசையாகத் தெரிந்தால் அது தண்ணீரின் வேலை.

தண்ணீர் எவ்வளவு குறைவாக இருந்தாலும் கேடுதான் என்பது உராய்வியல் ஆய்வில் நன்றாக நிறுவப்பட்ட செய்தி. 1970-களில் கூம்பு வடிவ ரோலர் பேரிங்குகளில் செய்த சோதனைகளில், எண்ணெயில் கலந்த தண்ணீர் பத்து லட்சத்தில் 25 பங்கிலிருந்து 100 பங்காக ஏறியபோதே பேரிங்கின் ஆயுள் பாதிக்கும் கீழே இறங்கியது. 100 பங்கு என்பது ஒரு லிட்டர் எண்ணெயில் இரண்டு மூன்று சொட்டுத் தண்ணீர். உங்கள் பிளாக்கின் உள்ளே போவதோ அதைப் போலப் பல மடங்கு.

அது எப்படிப் போகிறது என்பதைப் பார்ப்போம். நாள் முழுக்க ஓடி 80 டிகிரி சூட்டில் இருக்கும் பிளாக்கை நிறுத்திய கையோடு குளிர்ந்த தண்ணீரைப் பீய்ச்சுகிறீர்கள். உள்ளே இருக்கும் காற்று 80 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்கு இறங்கும்போது எட்டில் ஒரு பங்கு சுருங்கும். அந்த இடத்தை நிரப்ப வெளியிலிருந்து ஏதாவது உள்ளே வந்தாக வேண்டும். சீலின் விளிம்பில் அந்த நேரத்தில் நிற்பது மாவுத் தண்ணீர்தான். ஆக, ஒவ்வொரு மாலையும் பிளாக் தானே தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. அழுத்தமான குழாய் நீர் நேராகச் சீலில் படும்போது நுழைவது இதற்கு மேல்.

எனவே முதல் வேலை, செலவே இல்லாத வேலை, கழுவும் முறையை மாற்றுவது. டிரம்மைக் கழுவுங்கள், பிளாக்கின் மேல் தண்ணீர் பட வேண்டாம். பிளாக்கை ஈரத்துணியால் துடைத்தால் போதும், அதுவும் சூடு தணிந்த பிறகு. அடுத்ததாக, டிரம்மின் உறைக்கும் பிளாக்குக்கும் நடுவே ஒரு தகட்டு மறைப்பு வையுங்கள். ஷாஃப்டின்மேல், பிளாக்குக்கு இரண்டு விரற்கடை முன்னால், கூடவே சுழலும் ரப்பர் வட்டு ஒன்றை இறுக்கிவிடுங்கள். ஷாஃப்ட் வழியே ஊர்ந்து வரும் மாவுத் தண்ணீரை அந்த வட்டு வெளியே வீசியெறியும். சீல் இருக்கும் இடத்தில் ஃபெல்ட் பட்டை இருந்தால் அதை எடுத்துவிட்டு, அந்தப் பிளாக்குக்கே விற்கப்படும் இரட்டை உதட்டு நைட்ரைல் ரப்பர் சீலை மாட்டுங்கள். தூசிக்கு ஃபெல்ட் நல்லது. ஈர இடத்தில் அது தண்ணீரைக் குடித்து ஷாஃப்டோடு ஒட்ட வைத்துக்கொண்டே இருக்கும்.

இனி கிரீஸ். பெரும்பாலான கிரீஸ், எண்ணெயும் அதைத் தாங்கும் சோப்பு இழைகளும் சேர்ந்தது. பஞ்சு எண்ணெயைப் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது போல அந்த இழைகள் எண்ணெயைப் பிடித்து வைத்திருக்கின்றன. படலம் போட்டுப் பேரிங்கைக் காப்பது எண்ணெய்தான். இழையின் வகை மாறினால் இரண்டு கிரீஸ்களும் தனித்தனியே எவ்வளவு தரமானவையாக இருந்தாலும் கலந்ததும் இழைப்பின்னல் குலைந்து எண்ணெய் கசிந்து ஓடிவிடக்கூடும். லித்தியம் கிரீஸோடு பென்டோனைட் களிமண் கிரீஸோ சில வகைப் பாலியூரியா கிரீஸ்களோ சேர்ந்தால் இது நடக்கும். நீலக் கிரீஸ் நீர்த்து வழிந்ததற்கு இந்தக் கலப்பு ஒரு காரணமாக இருக்கலாம். உள்ளே இருந்த தண்ணீர் இன்னொன்று. நிறம் என்பது பெரும்பாலும் சேர்க்கப்பட்ட சாயம்தான். நீலம் என்றால் சூடு தாங்கும் என்று எந்தத் தர அமைப்பும் விதி செய்யவில்லை. டப்பாவில் படிக்க வேண்டியவை சோப்பு வகை, கிரீஸின் கெட்டித்தன்மையைக் காட்டும் என்.எல்.ஜி.ஐ. எண், எண்ணெயின் பாகுத்தன்மை ஆகிய மூன்றும்தான்.

உங்கள் இடத்துக்கு நான் சொல்வது கால்சியம் சல்ஃபோனேட் காம்ப்ளெக்ஸ் கிரீஸ், என்.எல்.ஜி.ஐ. 2, எண்ணெயின் பாகுத்தன்மைத் தரம் ஐ.எஸ்.ஓ. வி.ஜி. 150 முதல் 220 வரை. தண்ணீர் பட்டாலும் குலையாமல் நிற்பதிலும் துருவைத் தடுப்பதிலும் அது சாதாரண லித்தியம் கிரீஸைவிட மிகவும் மேல். விலை கூடுதல்தான், ஆனால் கீழே சொல்லும் அளவில் பார்த்தால் நீங்கள் இப்போது வீணாக்கும் கிரீஸைவிடச் செலவு குறையும். மாற்றும்போது பழைய கிரீஸின்மேல் புதியதை அடிக்காதீர்கள். பிளாக்கைத் திறந்து மண்ணெண்ணெயால் கழுவி, காற்றடித்து உலர்த்தி, கிரீஸ் கன்னையும் நிப்பிளையும்கூடக் காலி செய்த பிறகே தொடங்குங்கள்.

அளவுக்கு வழக்கமான கணக்கு ஒன்று உண்டு: பேரிங்கின் வெளிவிட்டத்தையும் அகலத்தையும் மி.மீ. கணக்கில் பெருக்கி 0.005-ஆல் பெருக்கினால் ஒருமுறை போட வேண்டிய கிரீஸ் கிராமில் கிடைக்கும். 22212-க்கு வெளிவிட்டம் 110, அகலம் 28. விடை 15 கிராமுக்குச் சற்று மேல். ஒரு அழுத்துக்கு ஒரு கிராம் என்று வைத்தாலும் நீங்கள் தினமும் 40 கிராம் போடுகிறீர்கள். பிளாக் நிறைந்துவிட்டால் ரோலர்கள் கிரீஸை ஒதுக்கித் தள்ள இடம் இருக்காது; ஓயாமல் கடைவதால் உண்டாகும் சூடுதான் உங்கள் கையைச் சுடுகிறது. கன்னுக்குக் கன் அளவு மாறும் என்பதால் பத்து அழுத்து கிரீஸை ஒரு காகிதத்தில் எடுத்து எடை பாருங்கள். கொலுசுப் பட்டறைக்காரர் யாராவது தெரிந்தவராக இருந்தால் அவருடைய தராசு இதற்கு மிகப் பொருத்தம்.

முதல் முறை பூட்டும்போது பேரிங்கின் உள்ளிடைவெளி முழுவதும் கிரீஸ் நிரப்புங்கள். பிளாக்கின் காலியிடத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை போதும். அதன்பின் வாரம் ஒருமுறை 15 கிராம். உலர்ந்த, சுத்தமான இடத்தில் இதே பேரிங்குக்கு இவ்வளவு அடிக்கடி தேவையே இல்லை. இங்கே புதிய கிரீஸின் இன்னொரு வேலை, உள்ளே வந்த ஈரத்தை வெளியே தள்ளுவது. அதற்கு வெளியேறும் வழி திறந்திருக்க வேண்டும். பிளாக்கின் அடியில் உள்ள துளையைப் பல ஆலைகளில் பிளக் போட்டு அடைத்துவிடுகிறார்கள். அதைக் கீழ்நோக்கித் திறந்து வையுங்கள். கழுவி முடித்த பிறகு, டிரம் வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும்போது போடுவது சிறந்தது. நின்ற பேரிங்கில் போட்டால் கிரீஸ் ஒரே பக்கத்தில் குவியும்.

கெட்டியான கிரீஸ் போட்டால் பாரம் தாங்கும் என்ற எண்ணம் பட்டறைகளில் பரவலாக இருப்பதால் அதற்கும் விடை சொல்ல வேண்டும்: பாரத்தைத் தாங்குவது கிரீஸின் கெட்டித்தன்மை அல்ல, எண்ணெய்ப் படலம். 1883-இல் லண்டனில் இயந்திரப் பொறியாளர் கழகத்துக்காகச் சோதனை செய்த பியூசாம்ப் டவர், ரயில் அச்சு வகைப் பேரிங்கின் மேலிருந்த எண்ணெய்த் துளையை மரக்கட்டையால் அடைத்தார். ஷாஃப்ட் சுழன்றதும் உள்ளிருந்த எண்ணெய் அந்தக் கட்டையையே வெளியே தள்ளியது. சுழற்சியே எண்ணெயில் அழுத்தத்தை உண்டாக்கிப் பாரத்தைத் தூக்குகிறது என்பதை 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் சமன்பாடாக்கினார். ரோலர் பேரிங்கில் இது இன்னும் வியப்பானது. தொடுமிடத்தில் அழுத்தம் ஒரு கிகாபாஸ்கலை, அதாவது காற்று மண்டல அழுத்தத்தைப் போல ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கை, தாண்டும். அந்த அழுத்தத்தில் எண்ணெய் ஏறக்குறைய திடப்பொருளாக இறுகுகிறது, எஃகும் சற்று நெகிழ்ந்து கொடுக்கிறது. 1970-களில் ஹாம்ராக், டௌசன் இருவரும் தந்த சூத்திரத்தின்படி பாரம் இரட்டிப்பானால் படலத்தின் தடிமன் 5 விழுக்காடு அளவுக்கே குறையும். ஆனால் எண்ணெயின் பாகுத்தன்மை பாதியானால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். படலத்தின் எதிரி பாரத்தைவிடச் சூடுதான். வி.ஜி. 150 எண்ணெயின் பாகுத்தன்மை 40 டிகிரியில் 150 சென்டிஸ்டோக். 60 டிகிரியில் 57 அளவு. 80 டிகிரியில் 27 அளவு. உங்கள் பேரிங்குக்கு 1000 சுற்றில் குறைந்தது 15 தேவை. ஆகவே 80 டிகிரியிலும் எண்ணெய் தாங்கும், அதில் தண்ணீர் கலக்காதவரை.

சூட்டைக் கையால் அளக்க வேண்டாம். 60 டிகிரியிலேயே கை வைக்க முடியாது, அதனால் நல்ல பேரிங்கையும் கெட்டதென்று நினைத்துவிடுவீர்கள். அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று வாங்கி, பிளாக்கில் ஒட்டிய கறுப்பு டேப்பின்மேல் தினமும் ஒரே நேரத்தில் பார்த்துச் சுவரில் எழுதி வாருங்கள். சேலத்துக் கோடையில் ஆலைக்குள்ளேயே 38, 40 டிகிரி இருக்கும்போது பிளாக் 70 காட்டுவது இயல்பே. கிரீஸ் போட்டதும் சில மணி நேரம் சூடு ஏறி இறங்கும். இறங்காமல் நின்றால் அதிகமாகப் போட்டுவிட்டீர்கள் என்று பொருள்.

ஆயிலுக்கு மாற வேண்டாம். உங்கள் பிளாக்கின் சீல் கிரீஸுக்கானது. எண்ணெய் கசியும், தண்ணீர் இன்னும் எளிதாகப் புகும்.

போலி பேரிங் சந்தையில் உண்டு என்பது உண்மை. அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் பில்லோடு வாங்குவதே அதற்குக் காப்பு. ஆனால் பழியைக் கடைக்காரர்மேல் போடுவதற்கு முன் அவுட்டர் ரேஸின் தடத்தைப் பாருங்கள். பாரம் விழும் பக்கத்தில் மட்டும், பாதி வட்டத்துக்குள் தடம் இருந்தால் பூட்டியது சரி. வட்டம் முழுவதும் தடம் இருந்தால் ஷாஃப்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே உள்ள கூம்புக் குழலான அடாப்டர் ஸ்லீவின் நட்டைச் சுத்தியலால் அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறார்கள். இந்தப் பேரிங்கில் இறுக்கும்போது ரோலருக்கும் அவுட்டர் ரேஸுக்கும் நடுவே உள்ள இடைவெளி 0.03 முதல் 0.04 மி.மீ. வரைதான் குறைய வேண்டும். ஃபிட்டர் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து அளந்து பூட்ட வேண்டும். இந்தப் பேரிங்கின் இரண்டு வரிசை ரோலர்களில் ஒன்று மட்டும் தேய்ந்திருந்தால், பேரிங் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் நிறுத்து வளையத்தை இரு பிளாக்கிலும் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். ஒன்றில் மட்டும் இருக்க வேண்டும், மற்றது ஷாஃப்ட் சூட்டில் நீள்வதற்கு இடம் தர வேண்டும்.

சீசன் முடிந்து ஆலை நிற்கும் மாதங்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஏற்காட்டில் காப்பிப் பழம் உரிக்கும் பல்பர்களுக்கும் இதே நிலைதான். அறுவடைக் காலத்தில் ஓடி, மீதி நாளெல்லாம் ஈரக் காற்றில் நிற்கும் இயந்திரத்தில் பேரிங் நின்ற இடத்திலேயே துருப்பிடிக்கிறது. கடைசி அரவை முடிந்த அன்று டிரம்மைக் கழுவி, வெறுமனே ஓடவிட்டு, அடித்துளை வழியே சுத்தமான கிரீஸ் வரும்வரை போடுங்கள். அந்த ஒரு நாள் மட்டும் 15 கிராம் கணக்கைப் பார்க்க வேண்டாம். பெல்ட்டைத் தளர்த்திவிட்டு, வாரம் ஒருமுறை ஷாஃப்டைக் கையால் சில சுற்று சுற்றி, முன்பு நின்ற நிலையிலிருந்து மாற்றி நிறுத்துங்கள். மீண்டும் ஓட்டத் தொடங்கும் நாளில் பிளாக்கைத் திறந்து, மிகுந்திருக்கும் கிரீஸை வழித்தெடுத்துவிட்டு ஓட்டுங்கள்.