வாசகர் கேள்வி பதில்: மழை மாதத்தில் தைப்பிங் வரை சைக்கிளில்

கேள்வி: ஐயா, வணக்கம். எனக்கு வயது 48. பிறையில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். நானும் மூன்று நண்பர்களும் அக்டோபர் இறுதியில் பட்டர்வொர்த்திலிருந்து தைப்பிங் வரை, ஏறத்தாழ 90 கிலோமீட்டர், சைக்கிளில் போக எண்ணியுள்ளோம். இதுவரை நான் 40 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டியதில்லை. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். தைப்பிங் மழைக்குப் பேர் போன ஊர் என்பதால் வீட்டில் தயங்குகிறார்கள். எப்படித் தயாராவது?
– வாசகர், பிறை

பதில்: உங்கள் வீட்டார் மழையை எண்ணித் தயங்குகிறார்கள், நான் அதைவிட அதிகமாக அஞ்சுவது புழுக்கத்தைத்தான். வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிர்கிறது. நம் ஊர்க் காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்திருப்பதால், வியர்வை உலராமல் சொட்டிக்கொண்டே இருக்கும். உடலிலிருந்து தண்ணீரும் உப்பும் போகும், ஆனால் சூடு தணியாது. மழை நின்று வெயில் அடிக்கும் அரைமணி நேரம்தான் இதில் மிக மோசமானது.

ஆகவே முதல் வேலையாக மருத்துவரைப் பாருங்கள். இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் மாத்திரைகளுள் சில, சிறுநீரை அதிகமாக வெளியேற்றக்கூடியவை. அவற்றை உண்டு நான்கைந்து மணி நேரம் வியர்த்தால் தலைசுற்றலும் மயக்கமும் வரலாம். உப்பு கலந்த பானங்களை எவ்வளவு குடிக்கலாம் என்பதையும் அவரிடமே கேளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

அடுத்து, உங்கள் உடல் எவ்வளவு வியர்க்கிறது என்பதை நீங்களே அளந்து பார்க்கலாம். ஒரு மணி நேரம் ஓட்டுவதற்கு முன்னும், திரும்பி வந்து உடலைத் துடைத்த பின்னும், ஈர உடை இல்லாமல் எடை பாருங்கள். 700 கிராம் குறைந்திருந்து, இடையில் அரை லிட்டர் குடித்திருந்தால், அந்த ஒரு மணி நேரத்தில் 1.2 லிட்டர் வியர்த்திருக்கிறது என்று பொருள். அது முழுவதையும் உடனுக்குடன் ஈடுகட்ட வேண்டியதில்லை. மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை, சிறிது சிறிதாகக் குடித்தால் பெரும்பாலோருக்குப் போதும். வெறும் தண்ணீரை மட்டும் அளவுக்கு மீறிக் குடித்தால், இரத்தத்தில் உப்பின் அளவு குறைந்து குமட்டலும் தலைவலியும் குழப்பமும் உண்டாகும். பயணம் முடிந்ததும் எடை கூடியிருந்தால், நீங்கள் குடித்தது அதிகம்.

பயிற்சிக்கு எட்டு வாரமாவது ஒதுக்குங்கள். வாரம் ஒருமுறை நீண்ட ஓட்டம். 40-இல் தொடங்கி வாரத்துக்கு ஐந்து கிலோமீட்டர் கூட்டினால் 70-ஐத் தாண்டிவிடலாம், அதற்கு மேல் 90-க்குத் தனிப் பயிற்சி தேவையில்லை. குளிர்சாதன அறையில் நிற்கும் சைக்கிளை மிதிப்பது காலுக்கு நல்லது. ஆனால் சூட்டுக்கு உடல் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் வெளியேதான் ஓட்ட வேண்டும்.

புறப்படும் நேரம் முக்கியம். பருவமழைகளுக்கு இடைப்பட்ட அக்டோபரில், மேற்குக் கரையில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலும் வரும். விடியும் முன் 6.30-க்குக் கிளம்பி, மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில், நிபோங் திபாலிலும் பாகான் செராயிலும் நின்று சென்றாலும் நண்பகலையொட்டி தைப்பிங் சேரலாம். கிளம்பும்போது நன்றாக இருட்டாக இருக்குமாதலால், முன்னும் பின்னும் விளக்கு வேண்டும். மழையிலும் அவற்றை அணைக்காதீர்கள். நெடுஞ்சாலையில் சைக்கிளுக்கு அனுமதியில்லை என்பதால் பழைய சாலையில்தான் போக வேண்டும். அங்கே லோரிகள் உண்டு.

வண்டியில் நான் முதலில் பார்ப்பது பிரேக். சில ஆண்டுகளுக்கு முன் மழையில் தித்தி கெராவாங் இறக்கத்தில் வந்தபோது, பிரேக்கை அழுத்தினேன்; சக்கரம் நிற்கவில்லை. கைப்பிடியை முழுவதுமாக இழுத்தும், சில மீட்டர் தூரம் வண்டி தன் போக்கில் ஓடியது. வீட்டுக்கு வந்து பார்த்தால், ரப்பர்க் கட்டைகளில் மணலும் அலுமினியத் துகளும் குத்தியிருந்தன. விளிம்பைப் பிடிக்கும் பிரேக் நனைந்தால், முதலில் தண்ணீரைத் துடைத்துவிட்டுத்தான் பிடிக்கும். எனவே மழையில் முன்கூட்டியே மெல்ல அழுத்தித் துடைத்துக்கொள்ளுங்கள். கட்டைகளில் குத்திய துகள்களை ஊசியால் எடுத்துவிடுங்கள். டயரில் காற்றை வழக்கத்தைவிட 5 முதல் 10 பி.எஸ்.ஐ. குறைக்கலாம். ஈர டயரில் கண்ணாடித் துகள் எளிதில் ஏறும் என்பதால், ஆளுக்கு இரண்டு டியூபாவது வேண்டும். மழை தொடங்கிய முதல் சில நிமிடங்களில் சாலையின் எண்ணெய் மேலே மிதக்கும். வெள்ளைக் கோட்டிலும் சாக்கடை மூடியிலும் அப்போது திரும்பாதீர்கள். தேங்கிய நீரில் இறங்கவும் வேண்டாம்: உள்ளே குழி இருக்கலாம், காலில் கீறல் இருந்தால் எலிக்காய்ச்சலும் தொற்றலாம்.

மழைக்கோட்டு? இந்தச் சமதளப் பாதைக்குத் தேவையில்லை. காற்றுப் புகாத கோட்டுக்குள் வியர்வையிலேயே நனைந்துவிடுவீர்கள். பருத்திச் சட்டைக்குப் பதிலாகச் சீக்கிரம் உலரும் சட்டை, தொடை இடுக்கில் வாஸ்லின், ஈரக் காலணிக்குள் திணிக்கப் பழைய நாளிதழ்: இவை போதும்.

நால்வரில் ஒருவர் தள்ளாடினாலோ, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ, அது களைப்பு என்று எண்ணி விட்டுவிடாதீர்கள். நிழலில் படுக்க வைத்து, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 999-ஐ அழையுங்கள்.

கேள்வி: என் மகள் வார இறுதியில் தோழிகளோடு பினாங்குத் தீவைச் சுற்றி சைக்கிள் ஓட்டுகிறாள். மின்னல் வந்தால் மரத்தடியில் ஒதுங்குவோம், டயர் ரப்பர்தானே என்கிறாள். இது சரியா?
– வாசகி, பாலிக் புலாவ்

பதில்: சரியில்லை அம்மா. மின்னலுக்கு முன் சைக்கிள் டயர் எந்தப் பாதுகாப்பும் தராது. தனி மரத்தடி மிகவும் ஆபத்தான இடம், திறந்த பஸ் நிறுத்தமும் போதாது. மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 நொடி இருக்கும்போதே, சுவரும் கூரையும் உள்ள கட்டடத்துக்குள் அல்லது கதவு மூடிய காருக்குள் போய்விட வேண்டும். கடைசி இடியோசைக்குப் பின் அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும். தெலுக் பஹாங்கிலிருந்து உங்கள் ஊர் வரையிலான மலைப்பாதையில் வீடுகள் குறைவு என்பதால், வானம் கறுத்திருந்தால் அந்த ஏற்றத்தைத் தொடங்காமல், தெலுக் பஹாங்கிலேயே ஒரு கடைக்குள் உட்கார்ந்து உங்களுக்குத் தகவல் அனுப்பச் சொல்லுங்கள்.