வலியில்லாமல் சிறுநீரில் ரத்தம்: வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

கேள்வி: எங்கய்யனுக்கு 64 வயசுங்க. திருப்பூர்ல சாயப்பட்டறையில 25 வருசம் வின்ச் (துணியச் சாயத்துல முக்கிச் சுத்துற மெஷினு) ஓட்டுனவரு. பீடிய விட்டே ஒரு வருசந்தான் ஆச்சு. தை மாசம் ஒருநாள் ஒண்ணுக்குச் செவப்பாப் போச்சு, வலி ஒண்ணுமில்லீங்க. சூடுன்னு எளநி குடுத்தோம், ரண்டு நாள்ல நின்னுபோச்சு. இனியும் பாக்கோணுங்களா?
வாசகர், பல்லடம்

பதில்: பார்த்தே ஆகவேண்டும், இந்த வாரமே. ரத்தத்தை நிறுத்தியது இளநீர் அல்ல. சிறுநீர்ப்பையில் புற்றுநோய்க் கட்டி இருந்தால், அது பெரும்பாலும் சின்னப் பூங்கொத்துப் போலப் பைக்குள் நீட்டிக்கொண்டு வளரும். அதன் ரத்தக் குழாய்கள் மிக மெல்லியவை. பை சுருங்கும்போது ஒன்று கிழிந்தால் ரத்தம் வரும், உறைந்தால் நின்றுவிடும். அடுத்த முறை சிவக்க மாதக்கணக்கு ஆகலாம். அதற்குள் கட்டி தசைக்குள் இறங்கிவிட்டால் வைத்தியமே வேறு. கல்லும் கிருமித் தொற்றும் பெரும்பாலும் வலியோ கடுப்போ காட்டும். வலியில்லாத ரத்தத்துக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

பீடிப் புகையிலுள்ள அரோமாட்டிக் அமைன்கள் என்ற ரசாயனங்கள் ரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தில் வடிகட்டப்பட்டு, பையில் மணிக்கணக்கில் தேங்குகின்றன. பையின் உள்தோல் அதிலேயே ஊறுகிறது. இந்தப் புற்றுநோயில் ஏறக்குறைய பாதிக்குப் புகையே காரணம். சாயத்துக்கும் இதே கதைதான். ஃபுக்சின் சாயத் தொழிலாளர்களிடம் இந்த நோயை ஜெர்மன் அறுவை மருத்துவர் லுட்விக் ரேன் 1895-லேயே எடுத்துச் சொன்னார். அதே அமைன் வகையான பென்சிடினில் செய்த சாயங்களுக்கு இந்தியாவில் 1990-களில் தடை வந்தது. ஆனால் சாயம் உடம்பில் பட்டு இருபது, முப்பது வருடம் கழித்தும் நோய் வரும். அதனால் மருத்துவரிடம் “பனியன் கம்பெனி வேலை” என்று மட்டும் சொல்லாதீர்கள். சாயம் கரைத்தாரா, எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை என்பதையும் சொல்லுங்கள்.

சிறுநீர்ப் பரிசோதனை, கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர், பை நிறைந்திருக்கும்போது ஸ்கேன் ஆகியவை முதலில். உதிர்ந்த செல்களைப் பார்க்கும் சைட்டாலஜிக்கு விடியற்காலை முதல் சிறுநீரைக் கொடுக்கக் கூடாது. ராத்திரியெல்லாம் ஊறிய செல்கள் சிதைந்திருக்கும். அடுத்த தடவை போவதைக் கொடுங்கள். “ஸ்கேன் நார்மல்” என்றதும் வீட்டுக்குத் திரும்பிவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. சில மில்லிமீட்டர் கட்டியும், உள்தோலில் படுக்கையாகப் படரும் வகையும் ஸ்கேனில் தப்பிவிடும். சிஸ்டோஸ்கோப் என்ற மெல்லிய குழாய்க் கேமராவை உள்ளே விட்டுப் பார்த்தால்தான் முடிவாகும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றாலும் இதைத் தவிர்க்கக் கூடாது.

கேள்வி: அம்மாவுக்குச் சிறுநீர்ப்பைக் கட்டியச் சொரண்டி எடுத்தாங்க. ரிப்போர்ட்ல ‘உயர் தரம், டி1, மாதிரியில் தசை இல்லை’ன்னு இருக்குதுங்க. தசைக்குப் பரவுலைன்னுதானுங்களே அர்த்தம்?
வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: இல்லை அம்மா. அந்த வரியின் அர்த்தம் வேறு. சுரண்டி எடுத்த துண்டுகளில் பையின் தசையே வரவில்லை, ஆகவே தசைக்குள் போயிருக்கிறதா என்று நுண்ணோக்கியில் பார்த்தவரால் சொல்ல முடியவில்லை என்பதுதான். ‘தசை இருக்கிறது, அதில் கட்டி இல்லை’ என்று எழுதியிருந்தால் மட்டுமே ஆறுதல். ‘உயர் தரம்’ என்பதும் நல்ல செய்தி அல்ல, வேகமாக வளரும் வகை என்று அர்த்தம்.

பையின் சுவரில் உள்தோல், அதன் கீழ் இணைப்புத் திசு, அதற்கும் கீழே டிட்ரூசர் என்னும் கெட்டியான தசை. டி1 என்றால் இணைப்புத் திசு வரை, டி2 என்றால் தசைக்குள். டி1-ஐப் பையைக் காப்பாற்றிக்கொண்டே கவனிக்கலாம். டி2 என்றால் பையையே எடுப்பதா, கீமோவோடு கதிர் கொடுப்பதா என்று பேச வேண்டிவரும். இத்தனை பெரிய முடிவு அரிசியளவு தசைத் துண்டில் நிற்கிறது. அதனால் 2 முதல் 6 வாரத்துக்குள் அதே இடத்தை மறுபடி சுரண்டிப் பார்ப்பார்கள். “எதுக்கு ரண்டாவது தடவை?” என்று தள்ளிப்போடாதீர்கள், டி1-இல் மிச்சக் கட்டி அகப்படுவது சகஜம். கட்டியின் அடிப்பகுதியைத் தனி பாட்டிலில், திசு கெடாமல் காக்கும் ஃபார்மலின் ஊற்றி அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். சுரண்டும் மின்கம்பியின் சூட்டில் கருகிய துண்டை யாராலும் படிக்க முடியாது.

கேள்வி: கொழந்தைக்குக் காசநோய் வராம இருக்கப் போடுற பி.சி.ஜி.யச் சிறுநீர்ப்பைக் கட்டி வந்த பெரியவங்களுக்கு எப்படிங்க குடுக்குறாங்க?
வாசகர், காங்கயம்

பதில்: ஊசியாக அல்ல. 50 மில்லி உப்பு நீரில் கலக்கி, குழாய் வழியாக நேரே பைக்குள் விடுவார்கள். வாரம் ஒன்றாக 6 வாரம், பிறகு மாதக்கணக்கில் இடைவெளி விட்டுத் தொடரும். அதிலுள்ள, வீரியம் குறைத்த உயிருள்ள கிருமி பை உள்தோலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிக் கட்டியைத் தாக்க வைக்கிறது. 2 மணி நேரம் அடக்கிவைத்து, உட்கார்ந்தே சிறுநீர் கழிக்க வேண்டும். முதல் 6 மணி நேரம் ஒவ்வொரு முறையும் கழிப்பறையில் பிளீச்சிங் கரைசல் ஊற்றி, 15 நிமிடம் கழித்துத் தண்ணீர் விடுங்கள்.

கடுப்பும் லேசான காய்ச்சலும் ஓரிரு நாளில் அடங்கும். 101 டிகிரிக்கு மேல் காய்ச்சல் இரண்டு நாளுக்கு நீடித்தாலோ, குளிர் நடுங்கினாலோ ஆஸ்பத்திரிக்குப் போய் பி.சி.ஜி. போட்டதை முதலில் சொல்லுங்கள். சிறுநீரில் ரத்தம் தெரிந்தாலும், கிருமித் தொற்று இருந்தாலும், குழாய் விடும்போது ரத்தம் கசிந்தாலும் அன்றைக்குப் போடக் கூடாது. கிருமி ரத்தத்தில் ஏறிவிடும். ஒரு வாரம் தள்ளிப் போட்டுக்கொள்ளலாம்.