கேளுங்கள், கதைப்போம்: ஓர்கனை மேவி ஒலித்த சக்சபோன்

கேள்வி: கனடாவில் இருக்கும் மாமா அனுப்பிய இசைப் பதிவுகளுக்குள் ஜக் மக்டஃப் என்ற ஓர்கன் கலைஞரின் 1963ஆம் ஆண்டு மேடைப் பதிவு ஒன்று கிடைத்தது. ஜோர்ஜ் பென்சனின் கிற்றாருக்காகத்தான் போட்டேன். இப்போது சக்சபோன்காரரைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். யார் அவர்? ஏன் ஒருவரும் அவரைப் பற்றிக் கதைப்பதில்லை?
— வாசகர், கொக்குவில்

பதில்: தம்பி, நல்ல ஆளிடம்தான் அகப்பட்டிருக்கிறீர்கள். அவர் பெயர் றெட் ஹொலவே. 1927இல் ஆர்கன்சோ மாநிலத்து ஹெலனாவில் பிறந்து, சிக்காகோவில் வளர்ந்தவர். மடி வோட்டர்ஸ் போன்ற புளூஸ் (கறுப்பின மக்களின் சோகமும் ஏக்கமும் கலந்த பாட்டு வகை) பாடகர்களுக்குப் பின்னால் நின்று ஊதிப் பழகியவர். அந்தப் பழக்கம் கடைசிவரை அவர் ஊதலில் இருந்தது. எவ்வளவு வேகமான பாட்டிலும் ஒரு பாடகர் வரி பாடி மூச்செடுப்பது போலத்தான் ஊதுவார்.

நீங்கள் கேட்ட பதிவு 1963 ஜூனில் நியூ ஜேர்சியின் நியூவார்க் நகரில், ‘ஃபிரண்ட் றூம்’ என்ற கிளப்பில் எடுத்தது. பென்சனுக்கு அப்போது இருபதே வயது. டிரம்ஸ் ஜோ டியூக்ஸ். பேஸ், அதாவது பாட்டைத் தாங்கும் தாழ்ந்த சுரங்கள், வாசிக்கத் தனி ஆள் கிடையாது. மக்டஃபின் ஓர்கனே அந்த வேலையையும் பார்க்கிறது. அவர் முதலில் பேஸ் வாசித்தவர் என்பதால் அந்த அடித்தளம் அப்படி உறுதியாக நிற்கிறது.

இதில்தான் ஹொலவேயின் கெட்டித்தனம் தெரிகிறது. ஓர்கன் ஒலி விட்டு விட்டு வருவதில்லை, அறை முழுக்க நிரம்பி நிற்கும். அதற்குள் சக்சபோன் அமுங்கிப் போகாமல் இருப்பது லேசில்லை. அந்தப் பதிவிலுள்ள ‘றொக் கண்டி’ பாட்டை ஹெட்போன் போட்டு இன்னொருமுறை கேளுங்கள். சின்ன இசைத் துண்டு ஒன்றை எடுக்கிறார், அதையே திரும்ப அழுத்தி ஊதுகிறார், இடைவெளி விடுகிறார். அந்த இடைவெளிக்குள் சனம் கத்துகிறது. எங்கள் கோயில் வீதியில் சாமி உலா வரும்போது, கச்சான் கடைச் சத்தத்துக்கும் சனத்தின் கதைக்கும் நடுவில் ஆட்களைத் திரும்பிப் பார்க்க வைக்கிற நாதஸ்வர வித்துவானுக்கும் இதே வித்தைதான் வேண்டும். சபையில் எல்லோரும் வாய் மூடி இருக்க வாசிப்பது வேறு கலை.

ஏன் கதைப்பதில்லை என்று கேட்டீர்கள். ஓர்கன் குழுக்களில் இசைத்தட்டின் அட்டையில் பெரிதாக நிற்பது ஓர்கன்காரரின் பெயர். அதோடு அது ஜாஸில் புதுவழி தேடிய சக்சபோன்காரர் ஜோன் கோல்ட்ரேனின் காலம். விமர்சகர்கள் புதுமை தேடிக்கொண்டிருந்தபோது, சனத்தை ஆட வைத்தவர்களை இரண்டாம் வரிசையில் இருத்திவிட்டார்கள். அது பெரிய அநியாயம் என்றே நினைக்கிறேன். ஹொலவே பிற்காலத்தில் லொஸ் ஏஞ்சலிஸில் ‘பரிசியன் றூம்’ கிளப்பின் குழுவைப் பல வருடம் நடத்தினார். சொனி ஸ்டிற் போன்ற பெரிய சக்சபோன் கையோடு சேர்ந்து ஊதி, சரிக்குச் சரி நின்றார். 2012இல் காலமானார்.

கேள்வி: ஓர்கன் என்றால் எங்கள் தேவாலயத்து ஓர்கன்தானா? அது எப்படி இரவு விடுதிக்குப் போனது?
— வாசகி, குருநகர்

பதில்: குடும்பம் ஒன்றுதான், பிள்ளை. குழாய் ஓர்கன் வாங்க வசதியில்லாத தேவாலயங்கள் 1935இல் வந்த ஹமண்ட் மின் ஓர்கனை வாங்கின. கறுப்பின மக்களின் தேவாலயங்களில் அது ஊறிப் போய், அங்கே கேட்டு வளர்ந்தவர்களோடு கிளப்புக்கும் வந்தது. 1950களின் நடுவில் ஜிமி ஸ்மித் அதை ஜாஸில் முன்னுக்குக் கொண்டுவந்தார். அந்த நடுங்கும் ஒலிக்குக் காரணம் லெஸ்லி என்ற ஒலிபெருக்கி. அதற்குள் கொம்பு போன்ற ஒன்று சுழலும். மெதுவாகச் சுழன்றால் ஒலி அலைபோல வரும். வேகம் கூட்டினால் துடிக்கும். மற்றபடி, பேஸை பெரும்பாலும் இடக்கைதான் வாசிக்கும், கால் மிதி அதற்கு அழுத்தம் கொடுக்கும்.

கேள்வி: இதே வகையில் அடுத்து யாரைக் கேட்கலாம்?
— வாசகர், மானிப்பாய்

பதில்: ஹரோல்ட் விக். இவரும் டெனர் சக்சபோன், இவரையும் கவனித்தவர்கள் குறைவு. புளூ நோட் என்ற இசைத்தட்டு நிறுவனம் 1963இல் பதிவு செய்த ‘ஸ்டெப்பின் அவுட்’ இசைத்தட்டைத் தேடுங்கள். ஓர்கன் ஜோன் பற்றன், கிற்றார் கிரான்ற் கிறீன். ஹொலவேயைவிடக் கொஞ்சம் இருண்ட, யோசித்து ஊதும் குரல். வீட்டில் நல்ல ஸ்பீக்கர் இருந்தால் கைபேசியின் ஸ்பீக்கரில் கேட்க வேண்டாம். அதில் ஓர்கனின் பேஸ் காதில் விழவே விழாது.