ரியோகானில் சைவச் சாப்பாடு: ஏஜென்ட் சொன்னால் போதுமா?

கேள்வி: நான், கணவர், மாமனார், மாமியார் நால்வரும் ஜப்பான் போகிறோம். வெந்நீர் ஊற்றுகளுக்குப் பேர்போன ஹகோனேயில் பாரம்பரிய விடுதியான ரியோகானில் ஒரு இரவு தங்க ஆசை. நாங்கள் முட்டைகூடத் தொடாதவர்கள். டிராவல் ஏஜென்ட், "ஒரு அறை 30,000 யென், நாலு பேரும் தங்கலாம், வெஜ் டின்னர் உண்டு, இன்றைக்கே முழுப் பணம் கட்டிவிடுங்கள்" என்கிறார். நம்பலாமா? மாமியாருக்கு முழங்கால் வலி வேறு.

பதில்: இப்போதைக்குக் கட்டாதீர்கள். கணக்கே உதைக்கிறது. ரியோகானில் கட்டணம் பொதுவாக அறைக்கு அல்ல, தலைக்கு. இரவு உணவும் காலை உணவும் சேர்த்து ஒருவருக்கு இவ்வளவு என்றுதான் வழக்கமாக விலை. ஒருவருக்கு 25,000 யென் என்றால் நால்வருக்கு ஒரு லட்சம் யென். ஹகோனே போன்ற ஊரில் தலைக்கு 7,500 யென்னுக்கு அறையும் கொடுத்து, வரிசையாகப் பல பதார்த்தம் வரும் கைசெகி விருந்தும் போடமாட்டார்கள். ஒன்று, அது சாப்பாடு இல்லாத வெறும் அறையின் விலை. இல்லையென்றால் இரண்டு பேருக்கான விலை. முன்பதிவுத் தளங்களில் ஆள் எண்ணிக்கை பெரும்பாலும் இரண்டு என்றுதான் முதலில் நிற்கும். அதை மாற்றாமலே விலையை எடுத்து வாட்ஸப்பில் அனுப்பிவிடுகிற ஏஜென்ட்டுகள் இருக்கிறார்கள். மீதி இருவருக்கான பணத்தை நீங்கள் விடுதி வாசலில் நின்றுகொண்டு கட்ட வேண்டிவரும்.

பில்லில் "வெந்நீர் ஊற்று வரி" என்று பெரிய தொகை போட்டிருந்தால் அதையும் கேளுங்கள். அப்படி ஒரு வரி உண்மையிலேயே உண்டு. ஆனால் வழக்கமாக ஒருவருக்கு ஓர் இரவுக்கு 150 யென்தான்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். ஜப்பானியச் சமையலின் அடிப்படை தாஷி என்னும் சாறு. பெரும்பாலும் உலர்த்திய கட்ஸுவோ மீனைச் சீவிப் போட்டுத்தான் அதை எடுப்பார்கள். சோயா விழுதில் செய்யும் மிசோ சூப், வேகவைத்த காய், மாவில் தோய்த்துப் பொரித்த தெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளும் சாறு, சோபா நூடுல்ஸின் குழம்பு எல்லாவற்றிலும் அது இருக்கும். தட்டில் மீன் துண்டு இல்லை என்பதற்காக அது நம் சைவம் ஆகிவிடாது. ஏஜென்ட் முன்பதிவுப் பக்கத்தில் "வெஜிடேரியன்" என்று எழுதிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்துவிடுவார். அங்கே எழுதுவது வெறும் வேண்டுகோள்தான். விடுதி ஒப்புக்கொண்டதா என்று அந்தத் தளம் உங்களுக்குச் சொல்லாது. 2024இல் மட்டும் 3.6 கோடிக்கு மேல் வெளிநாட்டவர் போன நாடு அது. மீன்சாறு வேண்டாம் என்று குறிக்க ஒரு தெளிவான கட்டம் வைக்க இன்னும் எத்தனை வருடம் வேண்டும்?

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். இறைச்சி, மீன், முட்டை, கட்ஸுவோ தாஷி நான்கும் கூடாது என்று தனித்தனியாக எழுதி, முடியுமா முடியாதா என்று விடுதியிடமிருந்தே பதில் வாங்குங்கள். அந்த மின்னஞ்சலை ஏஜென்ட் உங்களுக்கு அனுப்பட்டும். பல விடுதிகள் முடியாது என்றே சொல்லும். அது நேர்மையான பதில், கோபப்படாதீர்கள். போய் இறங்கிய பிறகு சொல்லிப் பயனில்லை, சாமான் வாங்கிச் சாறு எடுத்து முடித்திருப்பார்கள். அன்றைக்கு ரத்து செய்தால் பெரும்பாலும் முழுப் பணமும் போய்விடும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, உங்களுக்கு அதுதான் பொருத்தம் என்பேன்: வகயாமா மாகாணத்தின் கோயாசான் மலை. கூகாய் துறவி 816இல் நிறுவிய பௌத்தத் தலம். அங்கே ஐம்பது மடங்கள் வரை விருந்தினரைத் தங்கவைக்கின்றன. ஷோஜின் ரியோரி என்ற துறவிகளின் உணவு போடுவார்கள். இறைச்சி, மீன் மட்டுமல்ல, வெங்காயம், பூண்டும் மரபில் கிடையாது. சாறுகூடக் கடற்பாசியிலும் ஷிடாகே காளானிலும் எடுப்பதுதான். எள்ளில் செய்யும் கோமா தோஃபு, உறையவைத்து உலர்த்திய கோயா தோஃபு இரண்டும் அந்த மலையின் பெயர்பெற்ற உணவுகள். தத்தாமி பாய், காகிதக் கதவு, யுகாதா என்னும் பருத்தி அங்கி எல்லாம் அங்கேயும் உண்டு. ஒசாகாவின் நம்பா நிலையத்தில் நன்காய் ரயில் ஏறி கோகுராகுபாஷி போய், அங்கிருந்து கேபிள் கார். வெந்நீர் ஊற்றும் வேண்டும் என்றால் ஃபுகுச்சி-இன் மடத்தில் இருக்கிறது. ஒன்று மட்டும் கவனியுங்கள். "ஷோஜின்" என்ற பெயரில் சாதாரண விடுதிகளும் சாப்பாடு போடுவதுண்டு. அங்கே சாறு எதில் எடுத்தது என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள். கட்டணம் மடத்திலும் தலைக்குத்தான். இரவு உணவு ஆறு மணிக்கெல்லாம் வந்துவிடும், அதற்குள் போய்ச் சேர வேண்டும்.

மாமியாருக்குத் தரைப் படுக்கை கஷ்டம். கட்டில் உள்ள அறை, சாப்பிட நாற்காலி இரண்டையும் பதிவு செய்யும்போதே கேளுங்கள். எல்லா இடத்திலும் கிடைக்காது. குளியல் எல்லோருக்கும் பொதுவான குளியலறையில், உடையில்லாமல்தான். ஆண், பெண் தனித்தனி. கூச்சமாக இருந்தால் மணிக்கு இவ்வளவு என்று தனியாக வாடகைக்கு எடுக்கும் குளியலறை உண்டா என்று அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.