நட்சத்திர பிட்சரை (பந்து எறிபவரை) டிரேட் செய்துவிட்ட, அதாவது வேறு அணிக்குக் கொடுத்து மாற்றிக்கொண்ட பேஸ்பால் அணி அந்த இழப்பை எப்படிச் சமாளிக்கும்?

என் கண்ணெதிரே நடந்ததை வைத்தே இதற்குப் பதில் சொல்கிறேன். நான் 1994-ல் வேலைக்காகச் சியாட்டில் வந்தவன். பேஸ்பாலை எனக்குப் பிடிக்கவைத்தவர் மரைனர்ஸ் அணியின் ராண்டி ஜான்சன். 208 சென்டிமீட்டர் உயரம், இடது கை. அணியின் மைதானமான கிங்டோமில் மலிவான டிக்கெட் வாங்கிக்கொண்டு மேல் அடுக்கில் உட்கார்ந்திருப்போம். அவர் எறிந்த பந்து கேட்சரின் கையுறையில் விழும் ‘டப்’ சத்தம் கான்கிரீட் கூரையில் பட்டு எங்கள் காது வரைக்கும் வரும். மட்டை அசையும் முன்பே அந்தச் சத்தம் கேட்டதுபோல் இருக்கும்.

1998 ஜூலை 31, டிரேட் கெடுவின் கடைசி நாள். அவரை ஹூஸ்டனுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று இரவு வானொலியில் சொன்னார்கள். பதிலுக்கு வந்தவர்கள் ஃப்ரெடி கார்சியா, கார்லோஸ் கியென், பிறகு ஜான் ஹலாமா. மூன்று பெயரும் எங்களில் பலர் கேள்விப்படாதவை. காரணம் புரியாமல் இல்லை. அந்த ஆண்டோடு ஒப்பந்தம் முடிகிறது, வயது 35-ஐ நெருங்குகிறது, 1996-ல் முதுகில் அறுவை சிகிச்சை வேறு. அந்த சீசனில் சியாட்டிலுக்கு 9 வெற்றி, 10 தோல்வி என்றுதான் இருந்தார். அதே மனிதர் ஹூஸ்டன் போய் 11 ஆட்டங்களில் 10 வெற்றி, ஒரே தோல்வி. ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ரன் சராசரி 1.28. ஒவ்வொரு ஸ்கோரையும் பார்க்கும்போது வயிறு எரிந்தது.

அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரர், 1977-ல் அணி தொடங்கிய நாளிலிருந்து பார்த்துவருபவர், அப்போது ஒன்று சொன்னார். 1989-லும் ஊர் இதேபோலக் கொதித்ததாம். அன்றைய நட்சத்திர பிட்சர் மார்க் லாங்ஸ்டனை மாண்ட்ரியலுக்குக் கொடுத்து மூன்று இளைஞர்களை வாங்கினார்கள். அவர்களில் ஒருவர்தான் ஜான்சன். வந்த புதிதில் பந்து அவர் கட்டுப்பாட்டில் இல்லை; 1991-ல் மட்டும் 152 பேரை ‘வாக்’கில் (தவறான நான்கு பந்துகளால் இலவசமாக முதல் பேஸுக்கு) அனுப்பினார். அவர் தேறி வரும்வரை அணி காத்திருந்தது.

உங்கள் கேள்விக்கு நான் சொல்லக்கூடிய முக்கியமான விஷயம் இதுதான். போனவருக்குச் சமமான இன்னொருவரைத் தேடினால் கிடைக்கமாட்டார். கிரிக்கெட் மாதிரி இல்லை, தொடக்க பிட்சர் ஐந்து நாளுக்கு ஒருமுறைதான் எறிவார். அந்த ஒரு நாளில் அவர் கடைசி வரை நின்று எறிந்தால் புல்பென்னில் (மாற்று பிட்சர்கள் தயாராகும் இடத்தில்) இருக்கும் மற்றவர்களுக்கும் ஓய்வு கிடைக்கும். ஆகவே அவர் போனால் அந்தச் சுமையைப் பத்துப் பேர் பங்குபோட்டுச் சுமக்க வேண்டும். அது உடனே நடக்காது. 1999-ல் கார்சியா 17 ஆட்டம் ஜெயித்தும் அணி 79 வெற்றி, 83 தோல்வியோடுதான் முடித்தது.

அந்த ஆண்டு ஜூலையில் சேஃப்கோ ஃபீல்டு என்ற புது மைதானத்துக்கு மாறினார்கள். கடற்கரைக் குளிர்காற்றும் பெரிய மைதானமும் பிட்சர்களுக்குக் கைகொடுத்தன. நடு அவுட்ஃபீல்டில் மைக் கேமரன் ஓடி ஓடிப் பிடித்தார். கடைசி இன்னிங்ஸுக்கு ஜப்பானிலிருந்து சசாகி வந்தார். 2000 பிளே-ஆஃபில் சிகாகோவுக்கு எதிரான மூன்றாவது ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ், 1-1. மூன்றாவது பேஸில், ரன்னுக்கு ஒரு படி முன்னால், எங்கள் ரிக்கி ஹெண்டர்சன். மாற்று ஆட்டக்காரராக வந்த கியென் மட்டையை வீசவில்லை. பன்ட் செய்து, அதாவது மட்டையைப் பந்துக்குக் குறுக்கே பிடித்து மெதுவாகத் தட்டி, முதல் பேஸில் நின்ற ஃப்ராங்க் தாமஸைத் தாண்டிப் பந்தைத் தள்ளிவிட்டார். ஹெண்டர்சன் ஓடி வந்தார், தொடரே முடிந்தது. ஜான்சனைக் கொடுத்து வாங்கிய அந்தப் பையனின் பெயரை அன்று தொண்டை கிழியக் கத்தினேன்.

2001-ல் எங்கள் பிட்சர்களின் வெற்றிக் கணக்கு: மோயர் 20, கார்சியா 18, அபாட் 17, சீலி 15, ஹலாமா 10. ஐந்து பேர் கணக்கில் 80 வெற்றி. அணிக்கு மொத்தம் 116. 1906-ல் சிகாகோ கப்ஸ் வைத்த சாதனைக்குச் சமம். அணியின் நட்சத்திர மட்டையாளர்கள் க்ரிஃபியும் அலெக்ஸ் ரோட்ரிகஸும்கூடப் போன பிறகு வந்த வெற்றிகள் இவை. ஜப்பானிலிருந்து வந்த மட்டையாளர் இச்சிரோவின் முதல் ஆண்டும் அதுதான்.

ஆனால் மனசு சமாளித்ததா என்று கேட்டால், இல்லை. அந்த அக்டோபரில் நியூயார்க் யாங்கீஸ் அணி எங்களை ஐந்தே ஆட்டத்தில் வெளியேற்றியது. இறுதிப் போட்டியான உலகத் தொடரில் அதே யாங்கீஸுக்கு எதிரே அரிசோனா சீருடையில் ஜான்சன். ஆறாவது ஆட்டத்தில் ஏழு இன்னிங்ஸ் எறிந்து ஜெயித்தார். மறுநாள், நவம்பர் 4, ஏழாவது ஆட்டம், எட்டாவது இன்னிங்ஸில் புல்பென் கதவு திறந்தது, அவரே வந்தார். 1995-லும் எங்கள் கிங்டோமில் இதே யாங்கீஸுக்கு எதிராக, ஒரே ஒரு நாள் ஓய்வோடு, அந்த நீண்ட கால்களைப் போட்டு இப்படித்தான் நடந்து வந்தார். நான் டிவி முன்னால் எழுந்து நின்றுவிட்டேன். அரிசோனா ஜெயிக்கும் வரை உட்காரவே இல்லை.