கோ-5 தீவனப்புல் போட்டதும் பாலில் ஃபேட் (கொழுப்பு) இறங்கியது ஏன்?

புல் மேல் குற்றமில்லை. இளசாக அறுக்கிறீர்கள், வைக்கோலையும் நிறுத்திவிட்டீர்கள். ஆராய்ச்சிப் பண்ணையில் கரணை (நடுவதற்கான தண்டுத் துண்டு) வாங்கி நட்டது, 30 நாளுக்கு ஒரு அறுப்பு, பால் கூடியது, திருமங்கலம் பால் சொசைட்டியில் ஃபேட் மட்டும் 4.1 சதவீதத்திலிருந்து 3.3 ஆனது என்று எழுதியிருக்கிறீர்களே, காரணம் அதிலேயே இருக்கிறது.

நார் வயிற்றில் நொதிக்கும்போது வரும் அசிட்டிக் அமிலம்தான் பால் கொழுப்புக்கு முக்கியமான மூலப்பொருள். இளம்புல்லில் தண்ணீர் அதிகம், நார் குறைவு. இந்த ரகத்துக்குப் பரிந்துரை: முதல் அறுப்பு 75-80 நாளில், அப்புறம் 45 நாளுக்கு ஒன்று. பண்ணைக்குப் போனால் ஆள் உயரப் புல்தான் கண்ணில் படும். கூடப் போடும் வேலிமசால் என்ற பயறுவகைத் தீவனமும் அடர்தீவனமும் கண்ணில் படாது. (நானும் கரணையை மட்டும் தூக்கிக்கொண்டு மேலூர் பஸ் ஏறியவன்தான்.)

பத்து நாள் இப்படிச் செய்து பாருங்கள். மாட்டுக்குத் தினம் 4-5 கிலோ வைக்கோலோ சோளத்தட்டையோ, பச்சைப்புல்லுக்கு முன்னால். மடியை ஒட்டக் கறந்துவிடுங்கள், கடைசிப் பாலில்தான் கொழுப்பு அதிகம். படுத்திருக்கும் மாடு நன்றாக அசைபோட்டால் சரியான வழியில் போகிறீர்கள். பால் அரை லிட்டர் குறையலாம்.

ஒரே மாட்டில் மட்டும் ஃபேட் குறைந்திருந்தால் இது பொருந்தாது. ஒவ்வொரு காம்பிலும் முதல் பீச்சலைக் கறுப்புத் துணியில் விட்டுப் பாருங்கள். திரிதிரியாக விழுந்தால் மடிநோய். உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.